பந்தைக் கை மாற்றுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், புதிய நிர்வாகிகள் தேர்வுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)



பொதுக்குழு என்றால் வரவு செலவு வாசிப்போம், தணிக்கை அறிக்கை வைப்போம், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்போம், சாப்பிட்டுக் கலைவோம். இன்றைக்குத் தேர்வுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கிரிக்கெட் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். "குழுக் கூட்டத்துல கிரிக்கெட்டா?" என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. கடைசியில் நம்முடைய தீர்மான நோட்டுக்குத்தான் வந்து சேரப் போகிறோம்.

2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. நம் நாட்டு அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஒருநாள் உலகக் கோப்பையை இந்தியப் பெண்கள் வென்றது அதுதான் முதல் தடவை. 2005இலும் 2017இலும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றுத் திரும்பினார்கள். 2017இல் இங்கிலாந்திடம் தோற்றது வெறும் 9 ரன்னில்.

டிவியில் பார்த்தவர்களுக்கு அந்தக் கோப்பை ஞாபகம் இருக்கும். ஆனால் அந்த அணியின் தலைவி ஹர்மன்பிரீத் கவுர் செய்த சில காரியங்கள் நம் குழுக்களுக்கு ரொம்பவும் வேண்டியவை. அவற்றைத்தான் சொல்ல வந்தோம்.

முதலாவது, தோல்வி வந்தபோது அணி சிதறவில்லை. அந்தப் போட்டியில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று மூன்று அணிகளிடம் வரிசையாகத் தோற்றார்கள். "இவங்க எங்க ஜெயிக்கப் போறாங்க" என்று ஊரெல்லாம் பேச்சு. ஜெமிமா ரோட்ரிக்ஸ் என்ற வீராங்கனையை ஓர் ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்தார்கள். அதே ஜெமிமாதான் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்தார். 339 ரன் எடுத்தால்தான் ஜெயிக்கலாம் என்ற நிலையில் இந்தியா ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: அந்த நாட்களில் மனசு சரியில்லாமல் இருந்தது, அழுதுகொண்டே இருந்தேன், கூட ஆடும் பெண்கள்தான் பக்கத்திலேயே இருந்தார்கள் என்று.

நம் குழுவில் ஓர் அக்கா இரண்டு தவணை கட்டவில்லை என்றால் என்ன நடக்கிறது? கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்கிறோம். மூன்றாவது வாரம் அந்த அக்கா கூட்டத்துக்கே வருவதில்லை. நான்காவது வாரம் வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார். தவணை கட்டத்தான் வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஏன் கட்ட முடியவில்லை என்பதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கலாம். மாட்டுக்கு நோவா, வீட்டுக்காரருக்கு வேலை இல்லையா என்று தெரிந்தால், தவணையைப் பிரித்துக் கட்டத் தீர்மானம் போடலாம். விட்டுப் போன உறுப்பினரைவிட, தாமதமாகக் கட்டும் உறுப்பினர் குழுவுக்கு மேல்.

இரண்டாவது, இன்றைய பேச்சுக்கு முக்கியமானது. தொடக்க ஆட்டக்காரர் பிரதிகா ராவலுக்குக் காலில் அடிபட்டதால், முதலில் தேர்வான அணியில் இடம் பெறாத ஷபாலி வர்மாவை அரையிறுதிக்கு முன் வரவழைத்தார்கள். இறுதி ஆட்டத்தில் அவர் 87 ரன் எடுத்தார். அதோடு முடியவில்லை. தென்னாப்பிரிக்கா இரண்டே விக்கெட் இழந்து நூறு ரன்னைத் தாண்டி நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. அனுபவமுள்ள பந்து வீச்சாளர்கள் அணியில் இருந்தார்கள். ஆனால் ஹர்மன்பிரீத், ஒருநாள் ஆட்டங்களில் அதிகம் பந்து வீசியிராத ஷபாலியைக் கூப்பிட்டுப் பந்தைக் கையில் கொடுத்தார். முதல் ஓவரிலேயே ஒரு விக்கெட். அடுத்த ஓவரில் இன்னொன்று. ஆட்டம் திரும்பியது. பிறகு தீப்தி சர்மா 5 விக்கெட் எடுத்து முடித்து வைத்தார்.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. அந்த ஓவரில் ஷபாலி பந்தில் ரன் போயிருந்தால் திட்டு முழுவதும் தலைவிக்குத்தான். அது தெரிந்தும் கொடுத்தார்.

நம் குழுக்களில் பந்து யார் கையில் இருக்கிறது? பல குழுக்களில் பத்து வருஷமாக அதே ஊக்குநர். தீர்மான நோட்டு அவர் வீட்டில், பாஸ் புக் அவர் பீரோவில், வங்கி மேனேஜரைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் நல்லவர், நாணயமானவர், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் மகள் பிரசவத்துக்கு ஒரு மாசம் வெளியூர் போனால் கூட்டம் நடக்கிறதா? கடன் விண்ணப்பம் நகர்கிறதா? ஒருவர் இல்லாவிட்டால் நின்றுபோகும் குழுவைப் பலமான குழு என்று எப்படிச் சொல்வது?

"நாங்க மாத்தத்தான் நினைக்கிறோம், யாரும் வர மாட்டேங்கறாங்க" என்று ஊக்குநர்கள் சொல்வார்கள். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேங்க்ல போய் என்ன பேசுறது" என்று உறுப்பினர்கள் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான். அதனால்தான் ஒரே நாளில் பொறுப்பை மாற்றக் கூடாது. ஹர்மன்பிரீத் 2009இல் அணிக்குள் வந்தவர். 2022இல் மிதாலி ராஜ் ஓய்வு பெற்ற பிறகுதான் ஒருநாள் அணிக்கு முழுநேரத் தலைவி ஆனார். இடையில் அத்தனை வருஷம் மூத்தவர்களோடு ஆடித்தான் கற்றுக்கொண்டார். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, நோட்டையும் பாஸ் புக்கையும் பழைய வீட்டிலேயே வைத்திருப்பது மாற்றம் ஆகாது. அது கையெழுத்துக்கு மட்டும் ஆள் பிடிப்பது.

மூன்றாவது, பொறுப்பிலிருந்து இறங்குகிறவர்களின் மரியாதை. "பதவி போச்சுன்னா நம்மள யாரு மதிப்பா" என்ற பயம் நிறைய ஊக்குநர்களுக்கு உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கோப்பை வாங்கிய இரவு அந்த அணி என்ன செய்தது தெரியுமா? மைதானத்தில் இருந்த ஜூலன் கோஸ்வாமி, மிதாலி ராஜ், அஞ்சும் சோப்ரா போன்ற முன்னாள் வீராங்கனைகளிடம் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2005 இறுதி ஆட்டத்தில் தோற்றவர்கள் அவர்கள். ஜூலன் அழுதுவிட்டார். அடிபட்ட பிரதிகாவையும் சக்கர நாற்காலியோடு கொண்டாட்டத்துக்கு நடுவில் அழைத்து வந்தார்கள்.

அவர்களுக்கும் முன்னால் ஒரு தலைமுறை உண்டு. சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி 1976இல் பெண்கள் டெஸ்ட் அணிக்கு முதல் தலைவியாக இருந்தார். அந்தக் காலத்தில் ரயிலில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் போவார்கள், படுக்கையைச் சுமந்துபோய்த் தரையில் படுப்பார்கள். 2022 அக்டோபரில்தான் இந்திய கிரிக்கெட் வாரியம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று அறிவித்தது: டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம். தரையில் படுத்தவர்கள் இல்லாமல் இந்தச் சம்பளமும் இல்லை, கோப்பையும் இல்லை. அதேபோல, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு முதல் சேமிப்பைக் கட்ட வைத்த நம் மூத்த ஊக்குநர்கள் இல்லாமல் இந்தக் கூட்டமைப்பும் இல்லை.

ஆகவே இந்த வருஷம் ஒவ்வொரு குழுவும் நான்கு காரியம் செய்ய வேண்டுகிறோம்.

ஒன்று, தீர்மான நோட்டு எழுதுவதை மாதம் ஒருவர் பழகட்டும். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும்.

இரண்டு, வங்கிக்குப் போகும்போது ஊக்குநரோடு ஒரு புது உறுப்பினரும் போகட்டும். சலான் எழுதட்டும், மேனேஜரிடம் அவரே பேசட்டும். முதல் தடவை நாக்கு ஒட்டும், மூன்றாவது தடவை சரியாகிவிடும்.

மூன்று, ஆறு மாசம் இப்படிப் பழகிய பிறகு புது ஊக்குநர், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுங்கள். தீர்மானம் போட்டு எல்லோரும் கையெழுத்திட்டு, அதன் நகலையும் புதியவர்களின் அடையாளச் சான்று, போட்டோவையும் வங்கியில் கொடுத்துக் கையெழுத்து அதிகாரத்தை மாற்றுங்கள். வங்கியில் மாற்றாத வரை மாற்றம் பாதியில்தான் நிற்கும்.

நான்கு, இறங்குகிற ஊக்குநரை ஆலோசகராக உட்கார வையுங்கள். புதியவர் கணக்கில் தப்பு செய்தால், "பாத்தியா, நான் இருந்தப்ப இப்படி ஆச்சா" என்று சொல்லாமல், "கொண்டா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லும் அக்காவாக அவர் இருக்கட்டும்.

இன்றைய தேர்வில் கை தூக்கும்போது, இதுவரை கை தூக்காமல் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு தங்கச்சியின் பெயரையும் சொல்லிப் பாருங்கள். அவர் "ஐயோ, நானா" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் "நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள்.

பொறுப்பைப் பகிர்வோம்! குழுவைக் காப்போம்!