பாலைவன ஊரில் ஒரு விருந்தாளியின் ஜெபம்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1960-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஓமான் எல்லையை ஒட்டியுள்ள அல் ஐன் என்ற பாலைவனச் சோலைக்கு ஓர் அமெரிக்கத் தம்பதியர் பிள்ளைகளோடு வந்து சேர்கின்றனர். கணவர் பேட் கென்னடி, மனைவி மேரியன் கென்னடி. இருவருமே மருத்துவர்கள். ஐக்கிய அரபு சிற்றரசு என்ற நாடு அப்போது பிறக்கவே இல்லை; அது 1971-இல்தான் உருவானது. அபுதாபியிலிருந்து அந்த ஊருக்குத் தார்ச்சாலை கிடையாது. ஊரில் மருத்துவமனை கிடையாது. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி இறந்துவிடும். பிரசவத்தில் மூன்று தாய்மாரில் ஒருவர் பிழைப்பதில்லை என்று அந்நாளைய நிலையைச் சொல்வார்கள்.

இந்தத் தம்பதியர் சம்பளத்துக்கு வந்த மருத்துவர்கள் அல்லர். கிறிஸ்துவ சமய ஊழியர்கள். அவர்களை வரவேற்றவர்களோ முஸ்லிம் ஆட்சியாளர்கள். அபுதாபியை ஆண்ட ஷேக் ஷக்பூத்தும், அல் ஐனை நிர்வகித்த அவருடைய தம்பி ஷேக் ஸாயித்தும்தான் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். மண்ணால் கட்டிய ஒரு விருந்தினர் இல்லம் முதல் சிகிச்சைக்கூடம் ஆயிற்று. அடுத்த ஆண்டு, அதாவது 1961 மார்ச் மாதம், ஷேக் ஸாயித்தின் மகன் முகமது அங்கேதான் பிறந்தார். 2022 முதல் நாட்டின் அதிபராக இருப்பவர் அவரே!

வந்தவர்கள் கிறிஸ்துவர்கள் என்பது ஊருக்கே தெரியும். அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. பிறகு எப்படி அந்த ஊர் அவர்களை நம்பித் தங்கள் பெண்களையும் பிஞ்சுக் குழந்தைகளையும் ஒப்படைத்தது? வேலை நிமித்தமாக முஸ்லிம் நாடுகளுக்குக் குடிபோகும் மேலைநாட்டுக் கிறிஸ்துவர்கள் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி

இன்று துபாய், டோஹா, மஸ்கட், ரியாத் என்று பொறியாளராகவும் ஆசிரியராகவும் வங்கி அதிகாரியாகவும் போகிற மேலைநாட்டார் ஏராளம். அவர்களில் சமயப் பற்றுள்ளவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு சாரார் பயந்துபோய், தாங்கள் கிறிஸ்துவர்கள் என்ற அடையாளத்தையே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். யாராவது கேட்டால், “எனக்கு மதமெல்லாம் பெரிதாக இல்லை” என்று சிரித்து மழுப்புகிறார்கள். இன்னொரு சாரார், முதல் வாரத்திலேயே அலுவலகத் தோழரிடம் சமய வாதத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது தவறு ஆபத்தானது என்பது எல்லாருக்கும் புரியும். பல வளைகுடா நாடுகளில் முஸ்லிம்களிடம் பிற சமயப் பிரசாரம் செய்வது சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தவறு எவ்வளவு கெடுதலானது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு நாளில் ஐந்து முறை பாங்கொலி கேட்கும் ஊரில், தொழாத மனிதனை எப்படிப் புரிந்துகொள்வது? பக்கத்து வீட்டு அரபியர் மனத்தில் எழும் ஐயம் அதுதான். மேலைநாட்டார் என்றாலே குடிப்பவர்கள், குடும்பக் கட்டுப்பாடு இல்லாதவர்கள், கடவுளை மறந்தவர்கள் என்ற எண்ணம் திரைப்படங்கள் வழியாக அவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. ஆகவே, “நீங்கள் தொழுவீர்களா?” என்று அவர் கேட்டால் அதில் பகை இல்லை. இவனிடம் என் பிள்ளைகளை விளையாட அனுப்பலாமா என்ற தகப்பனின் கவலை அதில் இருக்கிறது. “ஆம், நான் கிறிஸ்துவன். காலையிலும் உணவுக்கு முன்பும் நாங்கள் குடும்பமாக ஜெபிக்கிறோம்” என்று நேராகச் சொன்னால் பல சமயங்களில் அவர் முகம் மலர்ந்துவிடும். கடவுளுக்குப் பயந்தவன் என்ற நிம்மதி!

அதற்குமேல் அவர் கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காவிட்டால் காப்பியைக் குடிக்கலாம்.

திருக்குர்ஆனில் 19-ஆவது அத்தியாயத்தின் பெயரே மர்யம் என்பதும், ஈசா நபியின் கன்னிப் பிறப்பை இஸ்லாம் ஏற்கிறது என்பதும் பல மேலைநாட்டாருக்குத் தெரியாது. தெரிந்ததும் சிலர் உற்சாகமாகி, “அப்படியானால் நாம் இருவரும் ஒன்றுதானே” என்று சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையல்ல. இயேசுவைக் கடவுளின் மகன் என்பதை இஸ்லாம் ஏற்பதில்லை. அவர் சிலுவையில் இறந்ததையும் ஏற்பதில்லை. வேறுபாடு வேறுபாடுதான். பூசி மெழுகினால் கேட்பவருக்கும் அது தெரிந்துவிடும். “நாங்கள் இவ்வாறு நம்புகிறோம்” என்று தன் நம்பிக்கையைச் சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. அவருடைய நபியைப் பற்றியோ வேதத்தைப் பற்றியோ குறைவாக ஒரு சொல், கேலியாக ஒரு புன்னகை, எதுவும் கூடாது. வேறெதை மன்னித்தாலும் அவர்கள் அதை மன்னிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, வேதப் புத்தகத்தைக் கையாளும் முறை. திருக்குர்ஆனை முஸ்லிம்கள் தரையில் வைக்க மாட்டார்கள். உயரமான இடத்தில், மற்ற நூல்களுக்கு மேலேதான் வைப்பார்கள். வெள்ளைக்காரரோ பைபிளை நாற்காலிக்குக் கீழே போட்டிருப்பார். பக்கமெல்லாம் பேனாவால் கோடு கிழித்து வைத்திருப்பார். அவருக்கு அது அன்பான பழக்கம். பார்க்கிற அரபியருக்கோ, இவன் தன் வேதத்தையே மதிக்கவில்லையே என்று தோன்றும். சரஸ்வதி பூசையன்று புத்தகத்தை அடுக்கி வணங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

கூடத்தில் உட்காரும் கலை

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ நோன்புப் பெருநாளன்று மலாய் நண்பர் வீட்டு உபசரிப்புக்குப் போய்ப் பழகிய நேயர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதைதான். காலணியை வாசலில் கழற்றுவது, வலக் கையால் வாங்குவது, உண்பது, எல்லாம் ஒன்றே. அரபு வீட்டில் விருந்தினர் கூடத்துக்கு மஜ்லிஸ் என்று பெயர். அங்கே சிறிய, பிடியில்லாத கிண்ணத்தில் ஏலக்காய் மணக்கும் காப்பியை ஊற்றுவார்கள். கால் கிண்ணம்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கஞ்சத்தனம் என்று நினைத்த வெள்ளைக்காரர்கள் உண்டு! குடிக்கக் குடிக்க மீண்டும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டாம். காலிக் கிண்ணத்தை இலேசாக இப்படியும் அப்படியும் அசைத்துக் கொடுத்தால் போதும். இந்த இரகசியம் தெரியாமல் ஏழெட்டுக் கிண்ணம் குடித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் விழித்திருப்பவர்கள் இன்றைக்கும் இருக்கக்கூடும்.

பெண்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆண், பெண்ணிடம் தானாகக் கை நீட்டக் கூடாது. அவர் நீட்டினால் குலுக்கலாம், இல்லையென்றால் வலக் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைக்க வேண்டும். “வீட்டில் எல்லாரும் நலமா?” என்று கேட்கலாம். மனைவியைக் குறிப்பிட்டுத் துருவி விசாரிப்பது அழகல்ல. குழந்தையைப் புகழ்ந்தால் கூடவே ‘மாஷா அல்லாஹ்’ என்று சொல்லிவிட வேண்டும். கண்ணேறு பற்றிய அச்சம் எந்த ஊர்த் தாய்க்குத்தான் இல்லை?

பதிலுக்கு விருந்துக்கு அழைக்கும்போதுதான் மேலைநாட்டார் அதிகம் தடுமாறுகிறார்கள். ஹலால் இறைச்சி வாங்கினால் மட்டும் முடிந்ததா? பன்றி இறைச்சி சமைத்த சட்டியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மதுப் புட்டிகள் கண்ணில் படக் கூடாது. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் அந்த இடத்தைக் கழுவ வேண்டும் என்பதால், செல்ல நாயைப் பின்கட்டில் கட்டி வைப்பது நல்லது. பொழுது சாயும் நேரம் என்றால், தொழுகைக்குச் சுத்தமான ஒரு மூலையையும் கிப்லாத் திசையையும் முன்கூட்டியே காட்டிவிட்டால் விருந்தாளியின் மனம் குளிர்ந்துவிடும். உணவு மேசையில் கிறிஸ்துவக் குடும்பம் தன் வழக்கப்படி சிறிய ஜெபம் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லாமல் உணவில் கை வைக்காதவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அந்த ஜெபத்தையே பிரசங்கமாக நீட்டினால்தான் விருந்து கெடும்.

நோன்பு மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்ணாமல், குடிக்காமல், புகைக்காமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குவைத்தில் அது சட்டமாகவே இருக்கிறது.

ஆலயங்கள் எங்கே?

சவூதி அரேபியாவில் தேவாலயமே கிடையாது. அங்கு வாழும் கிறிஸ்துவர்கள் வீட்டுக்குள் அமைதியாகத்தான் வழிபட வேண்டும். மற்ற வளைகுடா நாடுகளில் நிலைமை வேறு. பஹ்ரைனில் 1939-இலேயே கத்தோலிக்க ஆலயம் எழுந்துவிட்டது. அபுதாபியில் ஷேக் ஷக்பூத் கொடுத்த நிலத்தில் 1965-இல் புனித சூசையப்பர் ஆலயம் திறக்கப்பட்டது. கத்தார் தலைநகர் டோஹாவில் 2008-இல் கட்டப்பட்ட ஆலயத்தின் வெளியே சிலுவை இல்லை. உள்ளே எல்லாம் உண்டு.

அங்கே போகும் வெள்ளைக்காரருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அவர்தான் அங்கே சிறுபான்மை! பிலிப்பீன்ஸ் நாட்டவர், மலையாளிகள், தமிழர்கள் என்று கூட்டம் முட்டி மோதும். துபாயிலும் அபுதாபியிலும் தமிழில் திருப்பலி நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாக இருந்த காலத்தில் எல்லாரும் வெள்ளிக்கிழமையே ஆலயம் போனார்கள். 2022 ஜனவரி முதல் அமீரகத்தில் சனி, ஞாயிறு வார விடுமுறையான பிறகுதான் அங்கே ஞாயிறு வழிபாடு எளிதானது. பொதுவாகக் கிறிஸ்துவ சமயம் வெள்ளைக்காரரின் சமயம் என்று நினைக்கும் அரபியரும், அப்படியே நினைக்கும் வெள்ளைக்காரரும், ஒரு முறையாவது அந்த ஆலய வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

எல்லா ஊரும் அல் ஐன் அல்ல

மரியாதையாக நடந்துகொண்டால் தீங்கே வராது என்று சொல்லிவிட முடியுமா? ஏமன் நாட்டில் ஜிப்லா என்ற ஊர். அங்கே அமெரிக்க பாப்டிஸ்டு சபையினர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மருத்துவமனை நடத்தி வந்தார்கள். 2002 டிசம்பர் 30-ஆம் தேதி துப்பாக்கியை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்த ஒருவன், அங்குப் பணியாற்றிய மூன்று அமெரிக்கர்களைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர் கால் நூற்றாண்டுக் காலம் அவ்வூர்ப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்த பெண் மருத்துவர். முஸ்லிம்களை மதம் மாற்றுகிறார்கள் என்பதுதான் கொலையாளி சொன்ன காரணம்.

ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மருத்துவமனை வாசலில் கூடி அழுதார்கள். இறந்தவர்களில் இருவரின் உடல்கள் அமெரிக்காவுக்குப் போகவில்லை. அந்த மருத்துவமனை வளாகத்திலேயே, ஜிப்லா மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டன.

அந்தக் குற்றச்சாட்டை வெறும் வெறியனின் உளறல் என்று ஒதுக்குவதும் நேர்மையாகாது. 1889-இல் அமெரிக்காவில் தொடங்கிய அரேபிய மிஷன், மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்டுதான் வளைகுடாவுக்கு வந்தது. 1903-இல் பஹ்ரைனில் மருத்துவமனை திறந்தது. பல பத்தாண்டுகள் உழைத்தும் மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. மருத்துவமனை மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது. மருந்தைத் தூண்டிலாகக் காட்டுகிறார்களோ என்ற ஐயம் அரபியருக்கு எழுந்ததில் வியப்பில்லை. பெட்ரோல் நிறுவனத்துக்கு வேலைக்கு வருகிற இன்றைய பொறியாளருக்கும் அந்த ஐயத்தின் நிழல் உண்டு. அவர் செய்யும் உதவிக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைப் பேச்சால் போக்க முடியாது. பல ஆண்டுகள் ஆகும்.

அல் ஐனில் அந்தப் பல ஆண்டுகளைக் கொடுத்தவர்களில் கனடாவிலிருந்து வந்த தாதி கெர்ட்ரூட் டிக் குறிப்பிடத்தக்கவர். 1962-இல் வந்தவர், 38 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பிரசவம் பார்த்தார், பெண்களின் வீடுகளில் போய் உட்கார்ந்தார், அவர்கள் மொழியில் பேசினார். ஊர்ப் பெண்கள் அவருக்கு ‘டாக்டரா லத்தீபா’ என்று பெயரிட்டார்கள். லத்தீபா என்றால் கனிவானவள் என்று பொருள். அவர் மருத்துவர் அல்லர், தாதிதான்; ஊர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் இறுதிவரை கிறிஸ்துவராகவே இருந்தார். அதையும் ஊர் பொருட்படுத்தவில்லை.

மண் வீட்டில் தொடங்கிய அந்த மருத்துவமனை பின்னர் ‘ஓயாசிஸ்’ என்ற பெயரில் வளர்ந்து பெரிய கட்டடமாயிற்று. 2019-இல் அதற்குப் பெயர் மாற்றினார்கள். கென்னடி என்ற பெயர் அல் ஐன் மக்களின் வாயில் நுழையவில்லை. தொடக்கத்திலிருந்தே அவர்கள் அந்த மருத்துவர்களைக் ‘கனத்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவமனையின் வாயிலில் இப்போது இருப்பதும் அந்தப் பெயர்தான்: கனத் மருத்துவமனை.