“கணக்கு வராது” என்று யார் சொன்னது?

(மாலைநேரப் படிப்பகங்களில் பாடம் நடத்தும் தோழர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்வி உரிமை பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒரே ஒரு கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எங்கள் காலனிப் படிப்பகத்தில் வாரம் மூன்று நாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். போன வருடம் ஒரு பிள்ளை வந்தாள். முதல் நாளே சொன்னாள்: “எனக்குக் கணக்கு வராதுண்ணா. வடிவியலும் வரைபடமும் மட்டும் சொல்லிக்குடுங்க, போதும்.”

இது அவளாக எடுத்த முடிவு இல்லை. பள்ளியில் அவள் பெயர் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் இருந்தது. வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16 மதிப்பெண். அதோடு ஒரு மதிப்பெண் வினாக்களையும் சில சூத்திரங்களையும் மனப்பாடம் செய்தால் 35 வந்துவிடும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பாஸ் ஆக்கிவிட வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் இப்படிப் பாஸ் ஆகிற பிள்ளையால் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவில் தாக்குப்பிடிக்க முடியாது. அத்தோடு பொறியியலும் போய்விடுகிறது. அந்தப் பட்டியலில் எந்தத் தெருப் பிள்ளைகள் அதிகம் இருந்தார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் பாடப் புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறந்தேன். உறவுகளும் சார்புகளும். ஒரு கணக்கு கொடுத்தேன்.

எஃப்(எக்ஸ்) = 2எக்ஸ்² − 3எக்ஸ் + 5 எனில், எஃப்(2), எஃப்(−3) ஆகியவற்றின் மதிப்பு காண்க.

எஃப்(2) என்பதற்கு அவள் எழுதியது: 22² − 32 + 5.

நான் சொன்ன வார்த்தை: “இதுகூடத் தெரியாதா?”

அடுத்த நாள் அவள் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை.

அந்த ஒரு வாரமும் அவள் நோட்டை எடுத்து எடுத்துப் பார்த்தேன். மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது. எக்ஸ் இருந்த இடத்தில் 2 போடச் சொன்னேன், போட்டிருக்கிறாள். 2க்குப் பக்கத்தில் 2 வந்தால் இருபத்திரண்டு. 3க்குப் பக்கத்தில் 2 வந்தால் முப்பத்திரண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் சொல்லிக்கொடுத்தது அதுதானே? 2எக்ஸ் என்று சேர்த்து எழுதினால் நடுவில் ஒரு பெருக்கல் குறி ஒளிந்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதே போல எஃப்(2) என்பதை எஃப் பெருக்கல் 2 என்று நினைத்திருந்தாள். அடைப்புக்குறி வந்தால் பெருக்க வேண்டும் என்று சொல்லித்தந்ததும் நாம்தான். இந்த ஓர் இடத்தில் அது பெருக்கல் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. அவள் போட்டது தப்பான விடைதான். ஆனால் யோசிக்காமல் போட்ட விடை இல்லை.

தோழர்களே, சொல்லப்படாத விதிகள் என்றால் என்ன என்று சாதியை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் படித்தவர் இருந்தால், டியூஷனுக்குக் காசு இருந்தால், அந்த விதி காதில் விழுந்துவிடும். இல்லாத பிள்ளைக்கு விழாது. பிறகு அந்தப் பிள்ளைக்கு மூளை இல்லை என்று பட்டியல் போடுவோம்.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலில் இட்லிக்கடை போட்டிருக்கிறார். அவள்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கடைக் கணக்கு கேட்டேன். ஒரு இட்லி 8 ரூபாய். ஒரு நாளைக்கு மாவு, கேஸ், சட்னி எல்லாம் சேர்த்து 150 ரூபாய் செலவு என்றாள்.

“நாற்பது இட்லி வித்தா?”

“முந்நூத்தி இருபது. செலவு போக நூத்தி எழுபது நிக்கும்.”

“பத்துதான் போச்சுன்னா?”

“எழுபது ரூபா நட்டம்.”

“மழை பெஞ்சு ஒண்ணுமே விக்கலைன்னா?”

“நூத்தம்பதும் போச்சுண்ணா.”

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். எஃப்(எக்ஸ்) = 8எக்ஸ் − 150. எஃப்(40) = 170. எஃப்(10) = −70. எஃப்(0) = −150. “இதைத்தானே இப்ப வாயாலயே சொன்னே? எஃப் என்பது உங்க கடையோட கணக்கு. அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது நீ வித்த இட்லி.”

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை. “எஃப்(−3)?” என்றேன். சிரித்துவிட்டாள். “மைனஸ் இட்லி யாருண்ணா வாங்குவா?”

பாடத்தில் ‘மதிப்பகம்’ என்று ஒரு சொல் வரும். ஒரு சார்புக்குள் எந்தெந்த எண்களைப் போடலாம் என்பதுதான் அது. அந்தச் சொல்லைக் கேள்விப்படாமலே அதன் பொருளைச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் படிப்பகத்துக்கு வந்தாள். பழைய கணக்கையே எடுத்தோம். எக்ஸ் இருக்கிற இடத்தில் எல்லாம் அடைப்புக்குறிக்குள் ஒரு வெற்றுக் கட்டம் போடச் சொன்னேன்.

2 × (□)² − 3 × (□) + 5

ஒளிந்திருந்த பெருக்கல் குறி வெளியே வந்துவிட்டது. இனி கட்டத்துக்குள் எண்ணைப் போட வேண்டியதுதான். 2 போட்டாள்: 8 − 6 + 5 = 7. அடுத்து −3. அடைப்புக்குறி ஏன் முக்கியம் என்பது இங்கேதான் தெரியும். அது இல்லாமல் −3² என்று எழுதினால் வர்க்கம் 3க்கு மட்டும்தான், விடை −9. அடைப்புக்குறியோடு எழுதினால் மைனஸுக்கும் சேர்த்து வர்க்கம், விடை 9.

“மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் பிளஸ்?” என்று கேட்டாள். அதுவரை யாரிடமும் அவள் ‘ஏன்’ கேட்டதில்லை. −3 × 2 = −6, −3 × 1 = −3, −3 × 0 = 0 என்று வரிசையாக எழுதினோம். ஒவ்வொரு படியிலும் விடை 3 கூடுகிறது. அப்படியே போனால் −3 × (−1) = 3. பிறகு 6. பிறகு 9. அவளே எழுதி முடித்தாள். 18 + 9 + 5 = 32. எழுந்து போய்க் கரும்பலகையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள்.

கரும்பலகை என்றதும் எனக்கு அண்ணலின் பள்ளி நாட்கள் நினைவுக்கு வந்தன. கணக்குப் போட ஆசிரியர் அவரைப் பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்து மாணவர்கள் கூச்சல் போட்டு ஓடினார்கள். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. இன்று பலகைக்குப் பின்னால் பாத்திரம் இல்லை. ‘உனக்குக் கணக்கு வராது’ என்ற சொல் இருக்கிறது. பலகையிடம் போகவிடாமல் தடுக்க அதுவே போதும்.

அமெரிக்காவில் பாப் மோசஸ் என்று ஒரு கறுப்பினத் தோழர் இருந்தார். 1960களில் மிசிசிப்பியில் உயிரைப் பணயம் வைத்துக் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்தவர். அவரே 1982இல் ‘அல்ஜீப்ரா புராஜெக்ட்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அன்று வாக்குரிமை எதுவோ இன்று இயற்கணிதம் அது, அது தெரியாத பிள்ளை பொருளாதாரத்துக்கு வெளியே நிறுத்தப்படும் என்பது அவர் வாதம். நம் படிப்பகங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் மூன்று கோரிக்கைகள். பிள்ளை தப்பாகப் போட்டால், எப்படி யோசித்தாய் என்று முதலில் கேளுங்கள். 35க்கான கணக்கோடு நிறுத்தாதீர்கள். ‘இதுகூடத் தெரியாதா’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதை நான் சொல்லியிருக்கிறேன், நம் சேரியிலிருந்து படித்து வந்த நானே சொன்னேன். முதல் தலைமுறையாகப் படித்தவர்கள் என்பதால் மட்டும் அந்தத் திமிர் நமக்கு வராமல் போய்விடாது.

அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பாள் என்பது அவள் விருப்பம். அதை முடிவு செய்ய வேண்டியது அவள்தான். பட்டியல் போட்டவர்கள் இல்லை, நானும் இல்லை.