அழித்த பின் மிஞ்சுபவை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் கவிதை பற்றிப் பேசுவதா என்று சிலர் சிரிக்கலாம். எங்கள் கையெழுத்தை யாராலும் வாசிக்க முடியாது. ஆகவே புதுக்கவிதை எங்களுக்கு ஒத்துவரும்!

இன்று உலகெங்கும் அழிப்புக் கவிதை எழுதுகிறார்கள். ஏற்கெனவே அச்சான ஒரு பக்கத்தில் சில சொற்களை விட்டு, மற்றவற்றைக் கறுப்பு மையால் மறைத்துவிடுவார்கள். மிஞ்சுவதே கவிதை. இதற்கு நெருங்கிய ஒரு நூலைச் சொல்ல வேண்டும். 1781இல் 'சொங்' என்ற கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆபிரிக்க அடிமைகள் கடலில் வீசப்பட்டனர். வழக்கு நடந்தது கொலைக்காக அல்ல, காப்புறுதிப் பணத்துக்காக. எம். நூர்பெசே பிலிப் என்ற கரீபியப் பெண் கவிஞர் அந்த வழக்கறிக்கையின் சொற்களையே உடைத்து, 2008இல் ஒரு கவிதை நூல் தந்தார். அறிக்கையில் பெயரில்லாமல் போனவர்களுக்குப் பக்கத்தின் அடியில் பெயர்களும் சூட்டினார்.

மலையகத்தில் பிறந்த நமக்கு அழிப்பு புதிதல்ல. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டமும் வந்தன. 1952 தேர்தலில் அவரை அனுப்பிய மக்களில் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. எல்லாம் எண்கள். தோட்டத்திலோ 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அப்படிப் பாதியாகக் குறைந்த பேர்களில்தான் நம்மில் பலரின் சீருடை வந்தது.

பேனா பிடித்த நாமும் இதில் விலக்கல்ல. வைத்தியர்களாகிய நாங்கள் எழுதும் சீட்டு இப்படி இருக்கும்: "கொழுந்து பறிக்கும் பெண். முதுகுவலி. பாரம் தூக்க வேண்டாம். மூன்று நாள் ஓய்வு. பின்னர் வேலைக்குத் திரும்பலாம்." இதில் சில சொற்களை மறைத்துப் பார்த்தோம். மிஞ்சியது:

பெண்.
பாரம்
வேண்டாம்.

அவர் சொல்ல வந்தது எங்கள் சீட்டிலேயே இருந்தது. எழுதியபோது எங்களுக்குக் கேட்கவில்லை.

உலகெங்கும் உள்ள பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு டிரங்குப் பெட்டியில் பாட்டியின் பிரஜாவுரிமைப் பத்திரமோ பழைய பிறப்புப் பத்திரமோ இருந்தால், பிரதி எடுத்து நம் பாடசாலைக்கு அனுப்புங்கள். மூலப் பத்திரத்தில் மை படவே கூடாது. அது நம் சாட்சி. பிள்ளைகள் முதலில் அதை முழுதாக வாசிக்கட்டும். பிறகு பிரதியில் பேனாவை வைக்கட்டும். எதை மறைத்தாலும், பாட்டியின் பெயரை மட்டும் விட்டுவைக்கட்டும்.