பனியன் தம் வாசகர்க்கு எழுதிய முகவுரைகள்

நூலின் முகவுரையைப் படியாது கடந்து செல்லும் வழக்கம் வாசகரிடையே பெரிதும் உண்டு. கதை எப்போது தொடங்கும் என்று பக்கங்களைத் தள்ளுவோர் பலர். நூலாசிரியர் சிலரும் அதற்கு இடங்கொடுத்தே எழுதுவர். அச்சிட்டார்க்கு ஒரு நன்றி, பொருளுதவினார்க்கு ஒரு நன்றி, பிழை பொறுக்குமாறு ஒரு வேண்டுகோள், அவ்வளவே. ஆங்கில நாட்டிலே ஜோன் பனியன் என்பார் எழுதிய முகவுரைகள் அத்தகையன அல்ல. 1678 ஆம் ஆண்டு முதல் 1684 ஆம் ஆண்டு வரை வெளிவந்த நான்கு நூல்களிலே, தம் கதை பிறந்த வகையையும், அது அச்சேறிய செய்தியையும், அது சென்ற நாடுகளையும், அதன்மேல் எழுந்த வழக்கையும் அவர் தம் வாசகரிடம் நேர்நின்று சொல்லிக்கொண்டே வந்தார். முன்னுரை, பின்னுரை யாவற்றையும் ஒருங்கே வைத்துப் படிப்பார்க்கு, ஓர் எழுத்தாளர் தம்மை ஆதரித்த மக்களுக்கு ஆறு ஆண்டுகளாக எழுதிய கடிதங்கள்போல அவை தோன்றும்.

பனியன் பெயரைத் தமிழுலகம் அறியாததன்று. அவருடைய நூல் 'பரதேசியின் மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரோடு தமிழ்க் கிறிஸ்தவர் இல்லங்களிலே நெடுங்காலமாகப் படிக்கப்பட்டு வருகிறது. திருநெல்வேலி தந்த புலவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவியே 1894 ஆம் ஆண்டில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை வெளியிட்டார். ஆயினும், மூல நூலின் முன்னும் பின்னும் பனியன் தம் வாசகரோடு பேசிய பேச்சை அறிந்தோர் சிலரே.

அவர் 1628 ஆம் ஆண்டு பெட்போட் நகரையடுத்த எல்ஸ்தோ என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் தொழிலே தம் தொழில். ஊர் ஊராய்ச் சென்று ஓட்டைப் பாத்திரங்களைப் பற்றவைக்கும் கன்னார்த் தொழில். மணஞ்செய்தபோது இருவர்க்குமாக ஒரு தட்டோ ஒரு கரண்டியோ இருந்ததில்லை என்று தம் வரலாற்றிலே அவரே எழுதியிருக்கிறார். மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள். பின்னர் அவர் போதகரானார். அரசின் திருச்சபைக்கு உட்படாத கூட்டங்களில் போதித்தமைக்காக 1660 ஆம் ஆண்டு நொவெம்பரில் சிறைப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என்று ஒரு வாக்குறுதி தந்திருந்தால் வீடு சென்றிருக்கலாம். அவர் தரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. பார்வையற்ற மூத்த மகளையும் மற்றைப் பிள்ளைகளையும் காப்பதற்காகச் சிறையிலிருந்தவாறே நாடாக்களுக்கு நுனிப்பூண் பொருத்தி விற்பித்தார். பரதேசியின் கதை அந்தச் சிறையிலே தோன்றியது. கதையின் தொடக்கத்திலே ஒரு குகை வருகிறது. அக்குகையாவது சிறைச்சாலையே என்னும் குறிப்பை 1679 ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பின் ஓரத்திலே அச்சிட்டார்கள்.

முதற் பதிப்பு 1678 ஆம் ஆண்டு இலண்டனிலே நதானியல் பொண்டர் என்னும் புத்தக வியாபாரியால் வெளியிடப்பெற்றது. விலை ஒன்றரைச் சிலிங். அதன் முகப்பிலே செய்யுள் வடிவில் நீண்ட ஒரு முன்னுரை நிற்கிறது. அதற்கு ஆசிரியர் இட்ட தலைப்பு, குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் பக்க நியாயத்தைக் கூறுதல் என்னும் பொருளுடையது. என்ன குற்றம்? ஒரு போதகர் கதை எழுதினார் என்பதே குற்றம். அக்காலத்துத் தூய நெறியாளர் பலர்க்குக் கதை என்பது பொய். பொய்யினால் மெய்யை உணர்த்துதல் தகாது என்பது அவர் கொள்கை.

பனியன் அதனை மறைக்கவில்லை. வேறொரு நூல் எழுதிக்கொண்டிருந்தபோது இவ்வுருவகம் தம்மையறியாமல் உள்ளே புகுந்தது என்கிறார். எண்ணங்கள் மேன்மேலும் பெருகவே, தொடங்கிய நூலை அவை விழுங்கிவிடும் என்று அஞ்சித் தனியே எழுதி வைத்தாராம். பிறர்க்குக் காட்டும் நோக்கமும் முதலில் இருக்கவில்லை. முடித்தபின் நண்பர் சிலர்க்குக் காட்டினார். ஒருசாரார் அச்சிடு என்றனர். மற்றொரு சாரார் வேண்டாம் என்றனர். இருதரத்தாரும் அவர் மதித்த மனிதர். ஈற்றிலே, அச்சிட்டுப் பார்த்தாலன்றி எவர் சொல் சரியென்று தெரியாது என முடிவு செய்து, தீர்ப்பை வாசகர் கையில் ஒப்படைத்தார். எதிர்த்தோரை அவர் இகழவில்லை. இது கவனிக்கத் தக்கது. வேதாகமத்திலே தீர்க்கதரிசிகளும் உவமையால் பேசினாரல்லரோ என்று கேட்டு, அவர்க்கும் விளங்குமாறு வாதிக்கிறார். வாதம் சில இடங்களிலே நீண்டு போகிறது என்பதும் உண்மை.

வாசகர் தீர்ப்பு விரைவிலே கிடைத்தது. அதே 1678 ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பும், மறு ஆண்டில் மூன்றாம் பதிப்பும் வந்தன. உலக ஞானி என்னும் பாத்திரத்தை அறியாத வாசகர் இன்று இலர். அவர் முதற் பதிப்பிலே இல்லை, இரண்டாம் பதிப்பிலேதான் கதைக்குள் வந்தார். பதிப்புக்குப் பதிப்பு ஆசிரியர் நூலை வளர்த்தார். பொண்டர்க்கோ 'பனியன் பொண்டர்' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. கூடவே களவும் வந்தது. பிராடில் என்னும் அச்சாளர் நூலைத் திருட்டுத்தனமாக அச்சிட்டுப் பிழைபட விற்கிறார் என்று 1680 ஆம் ஆண்டு நான்காம் பதிப்பிலே பொண்டர் வெளிப்படையாக முறையிட்டார்.

அதே ஆண்டில் பனியனின் அடுத்த கதை வெளியாயிற்று. தீயவன் ஒருவனுடைய வாழ்வும் சாவும் அதன் பொருள். ஆங்கில நாவலின் முன்னோடிகளுள் ஒன்றாக அறிஞர் அதனை எண்ணுவர். டீபோவின் 'றொபின்சன் குரூசோ' 1719 ஆம் ஆண்டிலேயே வந்தது என்பதை நோக்குமிடத்து, அவ்வெண்ணம் பொருந்துவதே. அதன் முன்னுரையிலே, பரதேசியின் கதையை நாட்டில் பலர் ஏற்றுக்கொண்டமையால், மோட்சம் செல்வானைப் பற்றி எழுதியதுபோல அதற்கு எதிர்வழி செல்வானைப் பற்றியும் எழுதத் துணிந்ததாக அவர் கூறுகிறார். நன்றி என்று தனியே ஒரு சொல் அங்கில்லை. ஏற்றுக்கொண்டீர்கள், ஆகவே எழுதினேன் என்பதில் நன்றி அடங்கிக் கிடக்கிறது.

1682 ஆம் ஆண்டு வந்த நூல் 'திருப்போர்'. அதன் ஈற்றிலே வாசகர்க்கு ஓர் அறிவித்தலைச் செய்யுளாக வைத்திருக்கிறார். அதன் குரல் முற்றிலும் வேறு. பரதேசியின் கதை பனியனுடையதன்று, பிறர் எழுத்தைத் தம் பெயரால் வெளியிட்டுப் புகழ் தேடுகிறார் என்ற பேச்சு அக்காலத்தில் உலாவியது. பாத்திரம் பற்றவைப்பவனுக்கு இத்துணை நடை எங்கிருந்து வரும் என்று ஐயுற்றார் போலும்! கல்லூரி வாசலை மிதியாதவர் எழுதிய நூல் நன்றாக அமைந்துவிட்டால், உண்மையில் எழுதியவர் யார் என்று தேடும் வழக்கம் எந்நாட்டுக்கும் பொது.

அந்தப் பேச்சு அவரை ஆழமாகச் சுட்டிருக்கிறது. நூலின் பொருளும் நடையும் தம்முடையனவே என்கிறார். அது நெஞ்சிலிருந்து தலைக்கு ஏறி, விரல் வழியே பேனாவுக்கு இறங்கித் தாளில் விழுந்த வழியைச் சொல்லுகிறார். எழுதி முடிக்கும்வரை மற்றொருவர் அறியார். முடித்தபின்னும் ஒருவர் தானும் ஒரு வரி சேர்த்ததில்லை. இவ்வாறு ஆணையிடுவார்போல எழுதிவிட்டு, தம் பெயரின் எழுத்துக்களை இடம் மாற்றிப் புதிய தொடராக்கும் விளையாட்டொன்றோடு முடிக்கிறார். சினத்தின் நடுவே அந்த விளையாட்டு எதற்கு என்று கேட்போரும் இருக்கலாம். ஐம்பத்து நான்கு வயதை நெருங்கிய போதகரிடத்தும் சிறுபிள்ளைத்தனம் சிறிது எஞ்சியிருந்தது என்பதே விடை.

அதே 1682 ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சி. தோமஸ் ஷேர்மன் என்பவர் தம் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் குறித்து, பரதேசியின் பயணத்துக்கு இரண்டாம் பாகம் என ஒன்றை வெளியிட்டார். அதில் பனியனின் நகைச்சுவையும் இல்லை, வழிநடைப் பேச்சின் சுவையும் இல்லை. மக்களோ பனியனிடமே தொடர்ச்சியை எதிர்பார்த்திருந்தனர். 1684 ஆம் ஆண்டு அவருடைய உண்மையான இரண்டாம் பாகம் வந்தது. இந்நூலை அச்சிடுவதற்குப் பொண்டரை நியமித்தோம், வேறெவர்க்கும் அவ்வுரிமை இல்லை என்னும் கருத்துப்பட, அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதியிட்டுத் தம் கையொப்பத்தோடு ஓர் அறிவித்தலும் அதில் இட்டார். ஆசிரியர்க்குச் சட்டப்படி பதிப்புரிமை இல்லாத காலம் அது. ஆசிரியருரிமையை ஒப்புக்கொண்ட ஆங்கிலச் சட்டம் 1710 ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. ஆகவே கையொப்பம் ஒன்றே காவல்.

இந்த இரண்டாம் பாகத்தின் முன்னுரையே நான்கினுள்ளும் சிறந்தது. நூலைத் தம் குழந்தைபோல் எதிரே நிறுத்தி, வெளியூர் அனுப்பும் தந்தைபோல ஆசிரியர் பேசுகிறார். குழந்தையும் மறுத்து மறுத்துக் கேட்கிறது. நான் உம்முடைய நூல் என்று நம்பாவிட்டால் என் செய்வேன் என்பது முதல் ஐயம். போலிகள் திரிவது உண்மைதான். உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கும், அப்பேச்சைப் பிறரால் நடிக்க முடியாது என்பது விடை. யாரேனும் என்னை வெறுத்துத் துரத்தினால் என்று அடுத்த ஐயம். அதற்கு விடையாகவே ஆசிரியர் தம் வாசகர்க்கு நற்செய்திகளை அவிழ்க்கிறார்.

முதற் பாகம் கடல் கடந்துவிட்டது. போர் நடக்கும் பிரான்சிலும் பிளாண்டர்சிலும் பரதேசி நண்பனாக ஏற்கப்பட்டான். ஒல்லாந்திலே பொன்னினும் மேலாகக் கருதுவோர் உளர். ஸ்கொத்லாந்து மலைநாட்டாரும் ஐரிஷ் மக்களும் அவனோடு உறவாடுகின்றனர். புதிய இங்கிலாந்திலோ புத்தாடை உடுத்தி அணிகள் பூட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வாறு செல்கிறது பட்டியல். பொய்யுரையென்று இதனைத் தள்ளுதல் இயலாது. அமெரிக்காவிலே பொஸ்டன் நகரில் 1681 ஆம் ஆண்டிலும், டச்சு மொழியிலே அம்ஸ்ரடாமில் 1682 ஆம் ஆண்டிலும் நூல் அச்சாகியிருந்தது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு மட்டும் 1685 ஆம் ஆண்டினது. அங்கே செய்தி பதிப்பை முந்திக்கொண்டது போலும். பின்னர் ஆசிரியர் வீட்டருகே திரும்புகிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும், செல்வச் சீமாட்டிகளும், தெருவிலே செல்லும் சிறு பிள்ளைகளும் பரதேசியை வாழ்த்துகின்றனர் என்று மகிழ்கிறார். இறுதியில், கதை முறையே பிடியாதவர்களைப் பற்றிய கேள்வி. 1678 ஆம் ஆண்டில் அவர்களோடு நெடுநேரம் வாதாடியவர் இப்போது வாதாடவில்லை. பாற்கட்டி பிடியாதவரும் உளர், மீன் பிடியாதவரும் உளர். அவரவர் விருப்பை அவரவர்க்கே விட்டுவிடு என்று குழந்தைக்குச் சொல்லி அனுப்புகிறார். ஆறு ஆண்டுகளில் வாசகர் அவருக்குத் தந்த துணிவு அது.

பிறர் நன்றியுரையோடு நிற்பார். பனியன் கதையையே நன்றியாக்கினார் எனலாம். முதற் பாகத்திலே கிறிஸ்தியான் மனைவி மக்களைப் பிரிந்து, அவர்கள் கூப்பிடும் குரல் கேளாதபடி காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். படித்த தாய்மார்க்கு அவ்விடம் உறுத்தாமல் இருந்திராது. இரண்டாம் பாகம் அந்த மனைவியின் பயணம். நான்கு புதல்வரோடும் அயல்வீட்டுப் பெண்ணொருத்தியோடும் அவள் புறப்படுகிறாள். வழியிலே ஊன்றுகோலோடு நொண்டி நடப்பவரும், மனவலி குன்றியவரும், எதற்கும் அஞ்சுகின்ற பெண்ணும் வந்து சேர்கின்றனர். முன்னே தனியொருவன் வாளோடு சென்ற வழியிலே இப்போது ஒரு கூட்டமே மெல்ல மெல்ல நடக்கிறது; இளைத்தவர்க்காக மற்றவர் நின்று காத்திருக்கின்றனர். விறுவிறுப்பிலே இது முதற் பாகத்துக்கு ஈடாகாது என்பர் திறனாய்வாளர். அது சரியே. ஆயினும், முதற் பாகத்தை வாங்கி வாழ்வித்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வழியில் இடமுண்டு என்று ஆசிரியர் திரும்பிவந்து சொன்ன பாகம் இதுவேயாகும்.

அதன் கடைசி வரிகளில், மீண்டும் அவ்வழி செல்லும் பேறு கிடைக்குமாயின், விரும்புவோர்க்கு எஞ்சியதையும் சொல்லக்கூடும் என்று கூறி வாசகரிடம் விடைபெறுகிறார். அப்பேறு கிடைக்கவில்லை. 1688 ஆம் ஆண்டு, பிணங்கிய தந்தையையும் மகனையும் ஒன்றுசேர்க்க றெடிங் என்னும் ஊருக்குச் சென்று, அங்கிருந்து மழையிலே குதிரையேறி இலண்டன் வந்தார். நண்பர் வீட்டில் காய்ச்சலுற்று, ஓகஸ்ட் 31 ஆந் திகதி இறந்தார். பன்ஹில் இடுகாட்டிலே அடக்கஞ் செய்தனர்.

சாள்ஸ் டோ என்னும் வாசகர் ஒருவர் இருந்தார். சீப்புச் செய்வது அவர் தொழில். பனியனின் எழுத்துக்களைத் தேடித் திரட்டி 1692 ஆம் ஆண்டு ஒரு பெருந்தொகுதியாக வெளியிட்டார். பனியன் வாழ்ந்த ஆண்டு 60, எழுதிய நூலும் 60 என்று கணக்கிட்டவர் அவர். பரதேசியின் கதை இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ ஓர் இலட்சம் படிகள் அச்சாயிற்று என்னும் செய்தியும் அவர் எழுதி வைத்ததே. மறு ஆண்டு, 1693 இல், மூன்றாம் பாகம் என ஒன்று இலண்டன் கடைகளிலே விற்பனைக்கு வந்தது. அதனை எழுதியவர் வேறொருவர்.