கேட்டால் வேலை, கேட்டதற்கு ரசீது



ஐதராபாத் நகரின் ஒரு பகுதி காஞ்சன்பாக். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள் அங்கே இருக்கின்றன. நிரந்தர ஊழியருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு.

அதே நகரத்துக்கு வேறு சிலரும் பிழைக்க வந்தார்கள். அவர்கள் மகபூப்நகர் மாவட்டத்துக் கூலிக்காரர்கள். அது வறண்ட பூமி. மழை பொய்த்தால் காட்டில் வேலை இல்லை. வீட்டைப் பூட்டினார்கள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கட்டடங்களுக்கு மண் சுமந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு நின்றது.

சொந்த ஊரிலேயே வேலை கிடைத்தால் இந்த அலைச்சல் எதற்கு?

இதற்கு மகாராஷ்டிரம் முதலில் வழி காட்டியது. 1972-ல் அங்கே கடும் வறட்சி. கேட்பவருக்கு அரசு வேலை தரும் திட்டம் அப்போது பரவியது. 1977-ல் அது சட்டமானது.

2005-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரி 2-ஆம் நாள், ஆந்திராவில் அனந்தபூர் மாவட்டம் பண்ட்லபல்லி கிராமத்தில் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டு மக்கள் இதை 'நூறு நாள் வேலை' என்றார்கள்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? ஒரு கிராமக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. காண்டிராக்டர் கூடாது. கேட்ட 15 நாளில் வேலை தர வேண்டும். தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும்.

நகரத்துக்கு இது கிடையாது. காஞ்சன்பாக்கில் நின்று கேட்க முடியாது. சொந்த ஊராட்சியில்தான் கேட்க வேண்டும்.

வாயால் கேட்டால் போதுமா? போதாது. என்று கேட்டார் என்பதற்குச் சாட்சி இல்லை. எழுதிக் கொடுக்க வேண்டும். தேதி போட்ட ரசீது வாங்க வேண்டும். தேதி இருந்தால்தான் 15 நாளை எண்ண முடியும்.

வேலைக்கு வந்தவர் பெயரை எழுதும் பட்டியல் மஸ்டர் ரோல். அதில் பொய்க் கணக்கு ஏறியதும் உண்டு. வராதவர் பெயரில் கூலி எடுத்தார்கள். இறந்தவர் பெயரிலும் எடுத்தார்கள்.

இதைப் பிடிக்க ஆந்திராவில் 2006 முதல் சமூகத் தணிக்கை நடந்தது. பயிற்சி பெற்ற இளைஞர்கள் பட்டியலுடன் வீடு வீடாகப் போனார்கள். 'உங்கள் பெயரில் 12 நாள் எழுதியிருக்கிறது. எத்தனை நாள் போனீர்கள்? எவ்வளவு கூலி வந்தது?' இப்படிக் கேட்டுக் குறித்தார்கள். பிறகு பொதுக் கூட்டத்தில் எல்லார் முன்னும் படித்தார்கள். எடுத்த பணத்தைச் சிலர் கூட்டத்திலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றியது. அதில் 100 நாள் 125 நாளாகியிருக்கிறது. 15 நாள் விதி அதிலும் உண்டு.

சட்டம் மாறலாம். எழுத்துக்கு உள்ள பலம் மாறாது. வேலைக்குப் போன நாளை வீட்டு நோட்டில் குறித்து வையுங்கள். அட்டையில் எத்தனை நாள்? நோட்டில் எத்தனை நாள்? இரண்டையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். ஒரு நாள் குறைந்தாலும் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.