அப்பா குரலைத் தேடிப் போனேன்!

(தலைப்பு: நினைவுகளைப் பத்திரமாக வைத்திருப்பது காகிதமா? கணினியா? ‘காகிதமே’ என்ற அணியில் ஒரு குடும்பத்தலைவியின் பேச்சு)



நான் மேட்டுப்பாளையத்திலிருந்து வர்றேன். உடனே ‘ஊட்டி ரயில் ஏறுற ஊரா’ன்னு கேட்டுடாதீங்க. இது புதுச்சேரி மேட்டுப்பாளையம். எங்களுக்கு மலையும் கிடையாது, குளிரும் கிடையாது. தொழிற்பேட்டை உண்டு, வரிசையா லாரி உண்டு, தலை வாரிக்கிட்டு வெளியே போனா திரும்பி வரும்போது தலை நிறைய தூசி உண்டு. (சிரிப்பு) அங்கே ஒரு சின்னக் கம்பெனியில கணக்கு எழுதுற வேலை எனக்கு.

எதிரணியில பேசின தம்பி அழகாச் சொன்னார். ஓர் அலமாரி புத்தகம் விரல் நகம் அளவுல அடங்கிடுதுன்னார். ஒத்துக்கறேன். ஆனா நடுவர் அவர்களே, நகம் அளவுல அடங்குற அலமாரி, நகம் வெட்டுற நேரத்துல தொலைஞ்சும் போகும்! (கைதட்டல்) என் வீட்டுல தொலைஞ்சது.

எங்கப்பா ரோடியர் மில் தொழிலாளி. 1898ல் தொடங்கின ஏ.எஃப்.டி. மில்லை எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. 2020ல் அதை மூடிட்டாங்க. அந்தக் காலத்துல மில் சங்கு ஊதினாத்தான் பாதி ஊருக்குப் பொழுது விடியும். 2016ல் என் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல, வீட்டுப் பெரியவங்களைப் பேட்டி எடுத்துட்டு வரச் சொன்னாங்க. தாத்தாவை நாற்காலியில உட்கார வெச்சு அஞ்சு நாள் பேச வெச்சா. தறியைப் பத்திச் சொன்னார், ராத்திரி ஷிப்டைப் பத்திச் சொன்னார். 1936 ஜூலை 30ஆம் தேதி, எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடின புதுச்சேரி மில் தொழிலாளிங்க மேல துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிர் விட்டாங்களே, அதைத் தன் அப்பா வாயால கேட்டபடி சொன்னார். எங்க தாத்தா அன்னைக்கு அந்தக் கூட்டத்துல நின்னவர்.

போன்ல பதிவு பண்ணி, கம்ப்யூட்டர்ல ஏத்தினா. போனை மாத்தும்போது அதுல இருந்ததை அழிச்சாச்சு. ‘அதான் கம்ப்யூட்டர்ல இருக்கேம்மா’ன்னா. 2018ல் அப்பா தவறிட்டார். 2021ல் அவர் திதி அன்னைக்கு, எல்லாரும் கேட்கலாம்னு கம்ப்யூட்டரைப் போட்டோம். அப்பா குரல் வரலை. ‘டக்... டக்... டக்’னு ஒரு சத்தம் வந்தது. சுவர்க்கடிகாரம் மாதிரி.

அது என்ன சத்தம்னு இன்னைக்கு எனக்குத் தெரியும். ஹார்டு டிஸ்க் உள்ளே கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு தட்டு. நிமிஷத்துக்கு 5400, 7200 தடவை சுத்தும். அதுக்கு மேல கிராமபோன் முள் மாதிரி ஒண்ணு. ஆனா முள் தட்டைத் தொடாது, மிதக்கும். நம்ம தலைமுடி கனத்துல பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் இடைவெளி! அந்த முள் கெட்டுப் போனா, தன் இடத்தைத் தேடும், கிடைக்காது, திரும்பிப் போகும், மறுபடி தேடும். அதான் டக், டக். அப்பவே கரண்டை நிறுத்தணும். நாங்க என்ன பண்ணினோம்? ‘இன்னொரு தடவை போட்டுப் பாரு’ன்னு பத்து தடவை போட்டோம். தட்டுற ஒவ்வொரு தடவையும் என் அப்பா பேச்சுல கொஞ்சம் சுரண்டிட்டு இருந்திருக்கோம்.

அடுத்தது அதைவிடக் கொடுமை. ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனோம். பேர் வேண்டாம். அந்தப் பையன் நல்ல பையன்தான். மேசை மேல வெச்சு, மின்விசிறிக்குக் கீழேயே நாலு திருகாணியைக் கழட்டி மூடியைத் திறந்துட்டான். ‘பாருங்கக்கா, உள்ளே போயிடுச்சு’ன்னான். எங்க ஊர் தூசி பத்தி முதல்லயே சொன்னேன் இல்லையா? ஒரு தூசி விழுந்தா, அந்த முள்ளுக்கு அது பாறாங்கல். இதையெல்லாம் தூசி வடிகட்டின அறையில மட்டும்தான் திறக்கணுமாம். யாருக்குத் தெரிஞ்சது?

எதிரணி உடனே கல்பனா சாவ்லாவைச் சொல்லுவாங்கன்னு தெரியும்.

நடுவர்: அவங்க இன்னும் சொல்லலையேம்மா!

சொல்லுவாங்க ஐயா, நானே சொல்லிடறேன். (சிரிப்பு) 2003 பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா விண்கலம் வானத்துலயே சிதறினது. நம்ம கர்னால் ஊர்ப் பொண்ணு கல்பனா உட்பட ஏழு பேரும் போயிட்டாங்க. டெக்சாஸ்ல தேடினப்ப, ஓர் ஆராய்ச்சிக் கருவியோட ஹார்டு டிஸ்க் கருகின உலோகக் கட்டியாக் கிடைச்சது. தகவல் மீட்குற கம்பெனி ஒண்ணு தட்டுகளைக் கழுவி, புது டிஸ்க் உடம்புல பொருத்தி, நூத்துக்கு 99 பங்கு எடுத்துட்டாங்க. அந்த ஆராய்ச்சி முடிவு 2008ல் அச்சாச்சு.

வானத்துலேர்ந்து விழுந்ததுல 99 கிடைக்கும். மேட்டுப்பாளையம் மேசை மேல இருந்தது கிடைக்காதா? நானும் இதைத்தான் கேட்டேன். காரணம் இருக்கு. அந்த டிஸ்க்ல பாதிதான் நிரம்பியிருந்தது. பழைய டாஸ் முறை. தகவலை அங்கங்கே இறைக்காம ஒரு பக்கமா அடுக்கி வைக்கும். அடிபட்டதெல்லாம் எழுதாத இடத்துல. என் டிஸ்க்ல சீரியல், கல்யாண போட்டோ, பொண்ணோட பாட்டு, எல்லாம் மூச்சு முட்ட அடைச்சு வெச்சிருந்தோம்.

கடைசியில சென்னைக்கு அனுப்பினோம். கேட்ட தொகை என் ஒன்றரை மாசச் சம்பளம். அதுவும் கிடைக்கும்னு உத்தரவாதம் கிடையாது. வீட்டுக்காரர், ‘அதான் மாமா மனசுல இருக்காரே’ன்னார். மனசுல இருக்கார், குரல் இல்லையேங்க! ஒரு வளையலை அடகு வெச்சேன். அங்கே அதே மாடல்ல இன்னொரு டிஸ்க் தேடி, அதோட முள்ளை இதுக்கு மாத்தி, நல்ல இடங்களை முதல்ல வேற டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அப்புறம்தான் கெட்ட இடத்துப் பக்கமே போனாங்க. ஆபரேஷன்தான் அது.

அந்த என்ஜினீயர் ஒண்ணு சொன்னார், தாய்மார்களுக்கு உதவும். கைதவறி ஒரு போட்டோவை அழிச்சுட்டா, இந்த மாதிரி டிஸ்க்ல அது உடனே அழியறதில்லையாம். புத்தகத்தோட பொருளடக்கத்துல பேரை மட்டும் அடிச்சிருக்கும். பக்கம் உள்ளே இருக்கும். அதுமேல புதுசா எதையும் எழுதாம நிறுத்திட்டா மீட்கலாம். புது மாதிரி எஸ்.எஸ்.டி.யில பெரும்பாலும் அந்தச் சலுகையும் கிடையாது. கொஞ்ச நேரத்துல பக்கத்தையே துடைச்சுடும்.

‘காகிதம் செல்லரிக்காதா?’ன்னு கேட்பீங்க. அரிக்கும். ஆனா பாதி அரிச்சாலும் மீதிப் பாதியைக் கண்ணாலயே படிக்கலாம். அதுக்குத் தூசியில்லாத அறை வேண்டாம், வளையல் வேண்டாம்! (பலத்த கைதட்டல்) எங்க ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல சைவ ஆகம ஓலைச்சுவடிகள் கட்டுக்கட்டா இருக்கு. 2005ல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டுல சேர்த்தது. ஓலை நம்ம வெயில்லயும் ஈரத்துலயும் சில நூறு வருஷம் தாங்குறதே பெரிசு. அப்ப எப்படி வந்து சேர்ந்தது? பழசு நையறதுக்கு முன்னால யாரோ உட்கார்ந்து புது ஓலையில படி எடுத்தாங்க. இன்னைக்கு அதையே படம் பிடிச்சுக் கணினியிலயும் வெச்சிருக்காங்க, ஓலையையும் தூக்கிப் போடலை. நான் ஒரே ஒரு படி வெச்சுட்டு நிம்மதியாத் தூங்கினேன்.

நடுவர்: அப்பா குரல் கிடைச்சுதாம்மா?

அஞ்சுல ரெண்டு முழுசாக் கிடைச்சது. தறியைப் பத்தி ஒண்ணு, அம்மாவைப் பொண்ணு பார்க்கப் போனது ஒண்ணு. கல்யாண போட்டோ ஒண்ணுகூட வரலை. மூணாவது பதிவு பாதி. அதுதான் 1936. ‘அன்னைக்குக் காலையில சங்கு ஊதினதும் உங்க கொள்ளுத்தாத்தா பழைய சோத்துத் தூக்கை எடுத்துக்கிட்டு...’ அத்தோட நின்னுடுது.

‘அப்புறம் என்னம்மா பண்ணார்?’னு என் பொண்ணு கேட்டா. அப்பா சொல்லி நான் கேட்டதை, நினைவு இருக்கிற வரைக்கும் ஒரு கோடு போட்ட நோட்டுல எழுதியிருக்கேன். இதுவரைக்கும் பதினோரு பக்கம் ஆகியிருக்கு. என் அத்தைக்கு இன்னும் கொஞ்சம் தெரியும்ங்கறாங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டைக்குப் போய்க் கேட்கப் போறேன்.

மணி அடிச்சுட்டீங்க.