திரும்பி வரும் சொல்

இந்தக் கூட்டத்துக்கு வரும்போது வாசலில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி மற்றவளை, "வாடா மச்சி, லேட்டாயிடுச்சு" என்றாள். என்னோடு வந்த பெரியவர் முகம் சுளித்தார். "பொண்ணுங்க பேசற பேச்சா இது? தமிழே கெட்டுப்போச்சு" என்றார். பதிலை இந்த மேடைக்கென்று வைத்துக்கொண்டேன்.

ஐயா, கூப்பிடுவதற்கென்றே 'விளிமரபு' என்று ஓர் இயலை எழுதியவர் தொல்காப்பியர். பக்கத்தில் நிற்பவரை எப்படி விளிப்பது, தூரத்தில் போகிறவரை எப்படி நீட்டி விளிப்பது, எல்லாம் அதில் உண்டு. பொருளதிகாரத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: உரிமையோடு பழகுகிறவர்களுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு சொல் உண்டு. அது 'எல்லா' என்கிறார்கள் உரைகாரர்கள். அந்த இடத்தில்தான் இன்று 'மச்சி' வந்து உட்கார்ந்திருக்கிறது. என் அப்பா காலத்தில் 'இன்னா நைனா' என்றார்கள். நைனா தெலுங்குச் சொல். நாங்கள் 'தலைவா' என்றோம். இவர்கள் 'ப்ரோ' என்கிறார்கள். தமிழோடு சௌராஷ்டிரமும் தெலுங்கும் உருதும் புழங்குகிற நம் ஆரணிக்கு இது புதிதா?

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில், புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி இழையால் கோத்து நெய்யும் ஒரு கோர்வைத் தறி. ஓரத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கரைக்கு இழை போடும் நாடாவை எறிவான். பொழுது முழுக்க அவனுக்குக் கிடைத்தது "டேய், போடு" மட்டும்தான். அவன் பெயரை அந்தத் தறியில் நான் கேட்டதே இல்லை. பிறகு அவன் இடத்தில் தறிக்காரர் மனைவி வந்து உட்கார்ந்தார். "ஏங்க, இழை அறுந்துடுச்சு" என்பார் அவர். "ஏய், பாத்துப் போடு" என்பார் கணவர். இரண்டு பேர் கையும் பட்டு வளர்வது ஒரே புடவை. தலை நரைத்த கூலியாளை மீசை முளைக்காத பிள்ளை ஒன்று "வாடா" என்று கூப்பிட்டதையும், அவர் "வரேன் சாமி" என்று ஓடியதையும் இதே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த 'டா'வும் வாசலில் கேட்ட 'டா'வும் ஒன்றா? மச்சி என்றால் மச்சி என்று பதில் வருகிறது. அந்தக் கூலியாளால் 'டா' என்று திருப்பிச் சொல்ல முடியுமா? போன நாடா திரும்பி வராவிட்டால் துணி ஏது? சொல்லும் அப்படித்தான், போனால் திரும்பி வர வேண்டும். பெரியார் இதை அறிந்தவர். தம்மைவிட எத்தனையோ வயது இளையவர்களையும் 'வாங்க' என்றே அழைத்தார். அண்ணாதுரை 'தம்பி' என்று எழுதினார். தம்பிகள் 'அண்ணா' என்றார்கள், அதுவே அவர் பெயராகிப் போனது.

முகம் சுளித்த பெரியவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, அந்தப் பெண்கள் உங்களைப் பார்த்ததும் "உள்ள வாங்க தாத்தா" என்று வழிவிட்டார்களே, கவனித்தீர்களா? போகும்போது அவர்களிடம், "நீங்க எந்தத் தெரு, கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.